மாதத்தின் முதல் ஞாயிறு

புந்தா அரேனாஸில் தெருமுனைகளில்
கயிறு கட்டியிருக்கிறார்கள்,
காற்று வரும்போது பிடித்துக்கொள்ள.
ஆகாதவர்களும் அதே கயிற்றைத்தான் பிடித்தாக வேண்டும்.

டானிட்சாவும் நானும் ஒன்பது வருடமாகப் பேசுவதில்லை.
வேலி விவகாரம்.
அரையடி என் பக்கம் நகர்ந்துவிட்டது என்பது என் கட்சி.
காற்று தள்ளியதற்கு நான் என்ன செய்வேன் என்பது அவள் கட்சி.

இருந்தும்
மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பதினோரு மணிக்கு
இருவரும் வேலியோரம் வருவோம்.
அவள் கையில் இரண்டு பிஸ்கட் டப்பா, என் கையில் இரண்டு.
போன மாதத்தது திரும்பும், இந்த மாதத்தது தங்கும்.
உள்ளே பிஸ்கட் கிடையாது.
பழைய காலுறையில் சுற்றிய ஹார்டு டிஸ்க்.

சண்டைக்கு முந்தைய ஏற்பாடு இது.
ரொட்டிக்கடை கிரோஸின் கணினி
ஒரே ராத்திரி வெள்ளத்தில்
பதினோரு வருடக் கடன் கணக்கோடு மூழ்கியது
(பாதித் தெரு ரகசியமாகச் சந்தோஷப்பட்டது).
மறுநாள் அவள் சமையலறையில் முடிவெடுத்தோம்:
உன் நகல் என் வீட்டில், என் நகல் உன் வீட்டில்.
இரண்டு கூரையும் ஒரே நாளில் எரியாது.
பிறகு எல்லாம் முறிந்தது.
இதை முறிக்க மட்டும் இருவரும் மறந்துவிட்டோம்.

சனிக்கிழமை மாலையே நான் தயாராவேன்.
பிளக்கைப் பிடுங்கி
பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி
விசிறி சுழலாமல் சுண்டுவிரலால் பிடித்துக்கொண்டு
தூரிகையால் தட்டுவேன்.
விறகடுப்புச் சாம்பல், என் ஸ்வெட்டரின் கம்பளி,
ஒருமுறை ஒரு முழு விட்டில்பூச்சி,
சூடு தேடி வந்திருக்கும்.
அப்புறம் அப்டேட்.
முப்பத்தேழு சதவீதத்தில் நின்று யோசிக்கும்.
நான் மாத்தே கஷாயம் உறிஞ்சுவேன்.
வங்கியின் பெயரைச் சொல்லிக்கொண்டு
'உடனே இங்கே அழுத்தவும்' என்று பதறும் மின்னஞ்சலை
திறக்காமலே எறிவேன்.
வங்கி எனக்காக ஒருநாளும் பதறியதில்லை.

நகல் எடுத்தபின் பூட்டுவேன்.
பாஸ்வேர்டு ஒரு முழு வாக்கியம்.
அதில் ஓர் எழுத்துப்பிழை இருக்கிறது.
சாவி அந்தப் பிழைதான்.

உள்ளே இருப்பவை:
நண்டுப் படகுகளுக்கு நான் எழுதும் கணக்கு,
என் முழங்கால் எக்ஸ்ரே,
விட்டுப் போனவனின் படங்கள்
(அழிக்க மனம் வராமல் அல்ல, நேரம் வராமல்),
டானிட்சாவைப் பற்றி நகராட்சிக்கு எழுதிய
பதினான்கு புகார்க் கடிதங்கள்.

அவற்றை அவள்
மாவு மூட்டைக்குப் பின்னால் ஈரம் படாமல் வைத்துக் காக்கிறாள்.
என் அலமாரியில் நான் காப்பதில்
என்னைப் பற்றி எத்தனையோ.
வேலியே பயிரை மேயும் என்பார்கள்.
இந்த வேலிகளுக்கு
பயிர் இன்னதென்றே தெரியாது.

ஜூலை. பனி ஜன்னல்வரை ஏறிய ஒரு நாள்
கதவு தட்டப்பட்டது.
அவள்.
ஞாயிறு அல்ல, புதன்கிழமை.
கோட்டில் கருகிய ரப்பர் வாசனை.
"டப்பா" என்றாள்.
ஒன்பது வருடத்தில் முதல் சொல்.

எடுத்துக் கொடுத்தேன். திறந்து பார்த்தாள்.
"சாம்பல் நிறக் காலுறையில் அல்லவா சுற்றியிருந்தேன்?"
"ஓட்டை விழுந்திருந்தது. மாற்றினேன்."
என் சிவப்புக் காலுறையைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.
போய்விட்டாள். நன்றி சொல்லவில்லை.
நானும் எதிர்பார்க்கவில்லை என்று
இரண்டு முறை சொல்லிக்கொண்டேன்.

அன்றிரவு அவள் ஜன்னலில் நீல வெளிச்சம்.
பெற்ற பிள்ளைக்குப் பரீட்சை நடப்பதுபோல்
நான் உருண்டு படுத்துக்கொண்டிருந்தேன்.
நாலு மணிக்கு வெளிச்சம் அணைந்தது.
நல்லபடியாகவா, இல்லையா?
கேட்க வாய் இல்லை.

ஆகஸ்டின் முதல் ஞாயிறு, பதினோரு மணி.
டப்பா கனத்தது.
பெரிய டிஸ்க் வாங்கியிருக்கிறாள்.
என் மீதான புகார்களும் பெருகியிருக்கலாம்.
அதே சிவப்புக் காலுறை, துவைத்தது.

அலமாரியில் போர்வைகளைத் தள்ளி
அரையடி இடம் விட்டேன்.